காயத்துக்குப் பிறகு கோனா: திரும்பி வந்த நாலு பேர்

விளையாட்டுச் செய்திகள்ல நமக்கு ரொம்பப் பழகிப்போன கதை ஒண்ணு இருக்கு. வீரர் விழுவார். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். கொஞ்ச மாசம் கழிச்சு அதே வீரர் எழுந்து வந்து ஜெயிப்பார், எல்லாரும் கைதட்டுவாங்க. சினிமாவிலும் இதேதான், பத்திரிகையிலும் இதேதான். "மீண்டும் வந்தார், வென்றார்" என்று தலைப்பு போட்டால் வேலை முடிந்தது.

நீண்ட தூர டிரையத்லானின் வரலாற்றைப் புரட்டினால் இந்த ஒற்றை அச்சு உடைந்துபோகிறது. அயர்ன்மேன் உலகப் போட்டி நடக்கும் ஹவாயின் கோனாவுக்குக் காயத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் நாலு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஜெயித்தார். ஒருவர் 36ஆவதாக வந்தார். ஒருவர் மூன்று வருடம் தொடர்ந்து போய் மூன்றாவது தடவைதான் கணக்கில் சேர்ந்தார். இன்னொருவர் ஒரு வருடம் போகாமலே இருந்துவிட்டு அடுத்த வருடம் வந்தார். நாலு பேருக்குமே "கம்பேக்" என்ற அதே சொல்லைத்தான் போடுகிறோம். அந்தச் சொல்லுக்குள்ள எத்தனை வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்குன்னு பார்க்கலாம்.

முதலில் பந்தயம்

1977ல் ஹவாயின் ஒவாஹு தீவில் ஒரு தொடரோட்டப் போட்டியின் பரிசளிப்பு விழா. நீச்சல்காரர் உசத்தியா, ஓட்டக்காரர் உசத்தியா என்று பேச்சு வளர்ந்தது. பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் பேரும் நடுவில் அடிபட்டது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீவில் ஏற்கெனவே மூன்று தனித்தனி நிகழ்வுகள் இருந்தன: வைகிகி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹோனலுலு மாரத்தான். மூன்றையும் ஒரே நாளில் ஒட்டவைத்தால் என்ன?

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆனது. 1981ல் போட்டி ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் கோனாவுக்கு இடம் மாறியது. தூரம் மட்டும் மாறவில்லை: கடலில் சுமார் 3.86 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், கடைசியில் முழு மாரத்தான், அதாவது 42.195 கி.மீ. சைக்கிள் பாதை எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கும் கறுப்பு வெளியின் நடுவே போகிறது. மரநிழல் கிடையாது. ஹாவி என்ற சிற்றூர் பக்கம் குறுக்குக் காற்று சைக்கிளையே தள்ளிவிடும்.

இன்னொரு விஷயம் கடிகாரம். 1990களில் காலை 7 மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவு 12க்குள் முடிக்க வேண்டியிருந்தது, மொத்தம் 17 மணி நேரம். சைக்கிள் பகுதிக்குத் தனி எல்லை இருந்தது, சாயங்காலம் 5:30. அதற்குப் பிறகு வந்தால் உங்கள் பெயர் முடிவுப் பட்டியலில் ஏறாது. காய்ச்சலா, பஞ்சரா, போன மாசம் எலும்பு முறிஞ்சதா என்பதையெல்லாம் கடிகாரம் விசாரிக்காது.

உடம்பின் இரண்டு கணக்கு

ஆள்களிடம் போவதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம். காயம் பட்ட விளையாட்டு வீரரின் உடம்பில் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று, அடிபட்ட இடம் ஆறுவது. எலும்பு கூடுவதற்குச் சாதாரணமாக வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். தசைநாண்கள் இன்னும் மெதுவாக வலுப்பெறும். இரண்டாவது, சேர்த்து வைத்த உடற்தகுதி கரைவது. இரண்டு மூன்று வாரம் முழுசா படுத்துவிட்டாலே மூச்சின் திறன் குறைய ஆரம்பித்துவிடும்.

முதல் கணக்கு "இன்னும் பொறு" என்று சொல்லும். இரண்டாவது "சீக்கிரம் எழுந்திரு" என்று அரிக்கும். இதில் ஒரு பொறியும் உண்டு. திரும்பப் பயிற்சி தொடங்கினால் இதயமும் நுரையீரலும்தான் முதலில் தேறும். "மூச்சு வாங்கலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் அந்த வேகத்துக்கு இன்னும் தயாராகியிருக்காது. இரண்டாவது காயம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறது.

ஆகவே ஒருவர் திரும்பி வந்ததைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் பார்ப்பது அவருடைய மனவுறுதியை இல்லை. காயத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவில் எத்தனை நாள் இருந்தது, அந்த நாள்களில் எந்தக் கணக்கு எங்கே நின்றது என்பதைத்தான்.

ஜான் மக்லீன்: புது உடம்பு, அதே கடிகாரம்

ஆஸ்திரேலியாவின் ஜான் மக்லீன் ரக்பி லீக் ஆடிய இளைஞர். 1988ல், 22 வயதில், சிட்னி பக்கத்தில் சைக்கிள் பயிற்சியில் இருந்தபோது லாரி மோதியது. முதுகெலும்பு முறிந்தது, கால்கள் செயலிழந்தன. அவருக்கு "பழைய நிலைக்குத் திரும்புவது" என்ற வாய்ப்பே இல்லை.

1995ல் அவர் கோனாவுக்கு வந்தார். நீச்சல் முழுக்கக் கைகளால். சைக்கிளுக்குப் பதில் கையால் சுற்றும் ஹேண்ட்சைக்கிள். மாரத்தானுக்குப் பந்தய வீல்சேர். இந்த மூன்றில் எது கஷ்டம் என்று கேட்டால் பலரும் நீச்சல் என்பார்கள். உண்மையான கண்டம் சைக்கிள்தான். உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை செய்யும் வேலையைத் தோளும் கையும் 180 கி.மீ. செய்ய வேண்டும், அதுவும் எதிர்க்காற்றில், ஏற்றத்தில், ஏற்கெனவே நீந்திக் களைத்த அதே தோள்களால். சமதளத்தில் பந்தய வீல்சேர் நல்ல வேகத்தில் ஓடும், மாரத்தானில் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னாடி அந்த 5:30 மணிக் கதவைத் தாண்டணுமே.

1995ல் அவரால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை. 1996லும் முடியவில்லை. 1997ல் தாண்டினார். எல்லா நேர எல்லைக்கும் உட்பட்டு கோனாவை முடித்த முதல் வீல்சேர் வீரர் ஆனார். அடுத்த வருடம், 1998ல், ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார்.

இதில் என்னை யோசிக்க வைப்பது 1995ம் 1996ம்தான். "பாவம், கொஞ்சம் தாமதம்தானே, பட்டியல்ல சேர்த்துக்கலாம்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். கேட்க இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் சேர்த்திருந்தால் 1997க்கு என்ன அர்த்தம் மிஞ்சியிருக்கும்? அந்த எல்லை கால் இருப்பவர்களை மனதில் வைத்து வகுத்த எல்லை. அது நியாயமா என்று கேட்க எல்லாக் காரணமும் உண்டு. கருவியை மாற்றிக்கொள்ளப் போட்டி இடம் கொடுத்தது, நேரத்தை மட்டும் மாற்றவில்லை. மக்லீன் அதே எல்லைக்குள் வருவதையே இலக்காக வைத்துக்கொண்டார், மூன்றாவது முயற்சியில் வந்தும் காட்டினார். அவர் விஷயத்தில் திரும்பி வருதல் என்பது பழைய உடம்பை மீட்பதல்ல, புதிய உடம்பைப் பழைய கடிகாரத்துக்குப் பழக்குவது. அதற்கு விபத்திலிருந்து ஒன்பது வருடம் ஆனது.

கிரிஸ்ஸி வெலிங்டன்: இரண்டு வாரம்

ஒன்பது வருடத்திலிருந்து நேராக இரண்டு வாரத்துக்கு வருவோம். பிரிட்டனின் கிரிஸ்ஸி வெலிங்டன் 2007, 2008, 2009 என்று மூன்று முறை தொடர்ந்து கோனாவை வென்றவர். 2010ல் உடம்பு சரியில்லாமல் பந்தயத்தில் இறங்கவே இல்லை. 2011 ஜூலையில் ஜெர்மனியின் ரோத் போட்டியில் 8 மணி 18 நிமிடம் 13 வினாடி என்று, அந்தத் தூரத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் தொடாத நேரத்தைப் பதித்தார். கோனாவுக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியில் சைக்கிளிலிருந்து விழுந்தார். உடம்பெல்லாம் சிராய்ப்பு, நெஞ்சுத் தசையில் காயம், காலில் ஏற்பட்ட புண்ணில் தொற்று.

2011 அக்டோபர் 8 அன்று அந்த உடம்போடு உப்புத் தண்ணீரில் இறங்கினார். கோனாவில் கடல் வெதுவெதுப்பு, அதனால் அந்தப் போட்டியில் நீச்சல் உடுப்பு மேலே வெட்சூட் அனுமதி இல்லை. புண்ணுக்கும் உப்புக்கும் நடுவில் மறைப்பு எதுவும் கிடையாது. 2009ல் 54 நிமிடம் சொச்சத்தில் நீந்திய தூரத்துக்கு இந்தத் தடவை 1 மணி 1 நிமிடம் 3 வினாடி ஆனது. சைக்கிள் 4:56:53. மாரத்தான் 2:52:41. ஒவ்வொருவராகப் பிடித்து முன்னேறி மொத்தம் 8:55:08ல் முடித்து நாலாவது பட்டத்தை எடுத்தார். இரண்டாவதாக வந்த மிரிண்டா கார்ஃப்ரே மூன்று நிமிடம்கூடப் பின்தங்கவில்லை. 2009ல் வெலிங்டன் இதே பாதையில் எடுத்த நேரம் 8:54:02. ஆக, காயத்தோடு வந்தும் ஒரு நிமிடம் சொச்சம்தான் வித்தியாசம்!

இதைப் படித்ததும் "மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்று முடித்துவிடத் தோன்றும். மனசு இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் நாள்கணக்கையும் பாருங்க. நீண்ட தூரப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் கடைசி இரண்டு வாரம் எப்படியும் பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, சேர்த்ததை ஓய்வெடுத்துக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆகவே இரண்டு வாரத்துக்கு முன் விழுந்தவரின் உடற்தகுதி வங்கியில் பத்திரமாக இருந்தது. வலியும் புண்ணும் புதுசு, மூச்சும் கால் வலுவும் முழுசு. எலும்பு எதுவும் முறியவில்லை என்பது இன்னும் முக்கியம். விழுந்தது இரண்டு வாரத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு முன் என்றாலோ, முறிந்தது ஒரு எலும்பு என்றாலோ, இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அந்த ஓட்டத்துக்குப் பிறகு வெலிங்டன் கோனாவில் தொழில்முறை வீராங்கனையாக ஓடவில்லை. 2012 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். அந்த நாளில் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் செலவழித்தாகிவிட்டது என்ற நிறைவோடு ஒருவர் விலகுவதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதிதான்.

யான் ஃப்ரொடெனோ: கிளம்பாமல் இருந்த வருடம்

ஜெர்மனியின் யான் ஃப்ரொடெனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் டிரையத்லான் தங்கம் வென்றவர். 2015, 2016 இரண்டு வருடமும் கோனா அவர் கையில். 2017ல் மாரத்தான் தொடங்கிச் சில கிலோமீட்டரிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. நடந்தார், நின்றார், தசையை நீட்டினார், திரும்ப நடந்தார். நடப்புச் சாம்பியன் 9 மணி 15 நிமிடத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் நல்ல வேகத்தில் இருந்தார். 2018 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் நடந்த அரை தூர உலகப் போட்டியை வென்றார். சில வாரத்தில் கோனா. ஆனால் இடுப்புப் பகுதி எலும்பில் அழுத்த முறிவு இருப்பது தெரியவந்தது. இது விழுந்து உடைவது அல்ல. திரும்பத் திரும்ப விழும் பாரத்தில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரமில்லாமல் மெல்லிய விரிசல் விடுவது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் இற்றுப்போகுமே, அப்படி. இதற்கு மருந்து ஒன்றுதான்: பாரத்தை நிறுத்துவது.

அவர் 2018ல் கோனாவில் இறங்கவில்லை. 2019ல் வந்து 7 மணி 51 நிமிடம் 13 வினாடியில் மூன்றாவது பட்டத்தை எடுத்தார். கோனாவில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை.

நம்ம கதைகள்ல இறங்காம இருந்த வருஷத்துக்கு இடமே கிடையாது. வலியோடு ஓடியவருக்குத்தான் கைதட்டல். வெலிங்டன் புண்ணோடு ஓடியது சரி என்றால், ஃப்ரொடெனோ விரிசலோடு ஓடாததும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. தோல் கிழிந்தால் பந்தயம் அதை வலிக்க வைக்கும். எலும்பு விரிசல் விட்டால் பந்தயம் அதை உடைக்கும். எந்த வலி வெறும் வலி, எது எச்சரிக்கை என்று பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிம் டான்: 36ஆவது இடம்

கடைசியாக டிம் டான். பிரிட்டனுக்காக மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர், 2006ல் குறுகிய தூர டிரையத்லானின் உலகச் சாம்பியன். 2017 மே மாதம் பிரேசிலின் ஃப்ளோரியானோபொலிஸில் 7 மணி 40 நிமிடம் 23 வினாடியில் முடித்து, அயர்ன்மேன் போட்டிகளில் அதுவரை இருந்த வேகமான நேரத்தை நாலு நிமிடத்துக்கு மேல் குறைத்தார். அந்த நாளில் அவருடைய மாரத்தான் மட்டும் 2:44:46.

அதே வருடம் அக்டோபரில் கோனா. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, சைக்கிள் பயிற்சியின்போது ஒரு வண்டி அவர்மேல் மோதியது. கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்புவதில் பெரும் பங்கு அந்த எலும்பும் அதற்கு மேலே இருக்கும் எலும்பும் சேரும் மூட்டுக்குத்தான். நீந்தும்போது மூச்செடுக்கத் தலையைத் திருப்ப வேண்டும். ஏரோ பாரில் குனிந்து சைக்கிள் ஓட்டும்போது கழுத்தை நிமிர்த்திப் பாதையைப் பார்க்க வேண்டும். டிரையத்லான் வீரருக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

அறுவை சிகிச்சையில் எலும்புகளைச் சேர்த்து இறுக்கலாம், ஆனால் கழுத்தின் அசைவு குறையும், திரும்பப் பந்தயத்துக்கு வருவது சந்தேகம். இன்னொரு வழி ஹாலோ. தலையைச் சுற்றி ஒரு உலோக வளையம், அதை மண்டையோட்டில் நாலு திருகால் முடுக்கி, கம்பிகளால் மார்புக் கவசத்தோடு இணைப்பார்கள். தலை துளியும் அசையாது. டான் இதைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம். படுத்துத் தூங்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். வலி பயங்கரம். அந்தக் கூண்டு தலையில் இருக்கும்போதே நிலையான சைக்கிளில் மெல்ல மிதிக்க ஆரம்பித்தார்.

2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, குளிர், எதிர்க்காற்று. 2:49:42ல் முடித்தார். இந்த எண்ணை அந்த 2:44:46 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரேசிலில் நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் ஓட்டிய பிறகு ஓடிய மாரத்தானைவிட, பாஸ்டனில் காலையில் நேரடியாக ஓடிய மாரத்தான் ஐந்து நிமிடம் அதிகம். ஹாலோவைக் கழற்றிச் சில மாதம்தான் ஆகியிருந்தது, அந்த வானிலையில் அது பெரிய ஓட்டம். ஆனால் பழைய டிம் டான் இல்லை.

ஜூனில் கோஸ்டா ரிகாவில் அரை தூரப் போட்டியை வென்றார். பத்திரிகைகள் தேடும் தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. கதையை அங்கே நிறுத்தினால் சினிமா முடிவு. அவர் நிறுத்தவில்லை. 2018 அக்டோபரில் கோனாவில் இறங்கி 8 மணி 45 நிமிடம் 17 வினாடியில் 36ஆவதாக வந்தார். அந்த வருடம் ஜெயித்த பேட்ரிக் லாங்கே 7:52:39. கிட்டத்தட்ட 53 நிமிட இடைவெளி.

வெலிங்டனின் நிலைமையை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் டான் கிடைப்பார். அவரிடம் காயம் புதுசு, உடற்தகுதி முழுசு. இவரிடம் எலும்பு கூடிவிட்டது, ஆனால் வருடக்கணக்கில் சேர்த்த உடற்தகுதி நாற்காலியில் உட்கார்ந்தே கரைந்துபோயிருந்தது. அவர் இரண்டு வாரத்தில் ஜெயித்ததும் இவர் ஒரு வருடத்துக்குப் பிறகு 36ஆவதாக வந்ததும் யாருக்கு மனவுறுதி அதிகம் என்பதைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

கடிகாரம் செய்த உதவி

நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பந்தயம் யாருக்கும் சலுகை காட்டவில்லை. மக்லீனுக்கு 5:30 மணி ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை. டானின் 53 நிமிடத்தை யாரும் கழுத்துக்காகக் கழித்துக்கொள்ளவில்லை. முதலில் பார்க்கும்போது இது ஈவிரக்கம் இல்லாத ஏற்பாடு. ஆனால் அந்தக் கறார்தான் அவர்கள் முடித்த நேரத்துக்கு மதிப்பைக் கொடுக்கிறது. 8:45:17 என்பது யாரும் பரிதாபப்பட்டுக் கொடுத்த எண் அல்ல. அன்றைக்கு அந்த உடம்பால் முடிந்தது என்ன என்று சொல்லும் நேர்மையான எண்.

இது தொழில்முறை வீரர்களோடு முடிகிற விஷயமும் இல்லை. இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே, விடியற்காலை எழுந்து பயிற்சி செய்து, இந்தத் தூரத்தில் இறங்குகிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் முழங்காலோ முதுகோ பாடாய்ப் படுத்தி ஆறு மாதம் உட்கார்ந்தவர்களும் நிறைய. அப்படி ஒருவர் வெலிங்டனின் கதையை மட்டும் படித்துவிட்டு "அவங்களால முடிஞ்சுதே" என்று கிளம்பினால், அவர் எடுத்துக்கொண்டது தவறான உதாரணமாக இருக்கலாம். அவருக்குத் தேவை ஒருவேளை ஃப்ரொடெனோவின் 2018ஆக இருக்கலாம், டானின் 36ஆவது இடமாக இருக்கலாம். எது தன் கதை என்று தெரிய, எங்கே அடி, எப்போ அடி, பந்தயத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பொய் சொல்லாமல் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முடிவுப் பட்டியலில் இந்தப் பதில்கள் எதுவும் இருக்காது. 2018 கோனா பட்டியலில் 36ஆவது வரியில் ஒரு பெயரும் ஒரு நேரமும் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கும் பெயர்களைப் போலவே.